நடையை அளக்கும்போது எங்கே தவறுகிறோம்?

பக்கவாதத்திலிருந்து தேறி வருபவர், இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர், அடிக்கடி தடுமாறும் முதியவர் என யார் பிசியோதெரபிக்கு வந்தாலும் பெரும்பாலும் செய்து பார்ப்பது ‘டைம்டு அப் அண்ட் கோ’ சோதனை. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும்; அதற்கு எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்போம். 1991-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. சுலபமாக இருப்பதாலேயே அலட்சியமும் அதிகம்.

கோளாறு நாற்காலியிலேயே ஆரம்பிக்கிறது. சுமார் 46 செ.மீ. உயரம், கைப்பிடி வைத்தது என்பதுதான் கணக்கு. முதல் தடவை அதில் அளந்துவிட்டு, அடுத்த மாதம் கையில் கிடைத்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காரவைத்தால் எழுந்திருக்கவே கூடுதல் நேரம் பிடிக்கும். ‘நடை மோசமாகியிருக்கிறது’ என்று ஃபைலில் ஏறிவிடும், பாவம். செருப்பு, வாக்கர் எல்லாம் அப்படித்தான்: எதோடு அளந்தோம் என்று எழுதிவைத்து, அடுத்த முறையும் அதையே கொடுக்க வேண்டும்.

ஸ்டாப்வாட்சை ‘போங்க’ என்ற சொல்லோடு அழுத்த வேண்டும். அவர் எழும்வரை காத்திருந்து அழுத்தினால், எழத் தயங்கிய நேரம் கணக்கில் வராது. கூட வந்த மகன் ‘சீக்கிரம் நடங்கப்பா’ என்று உற்சாகப்படுத்துவதையும் நிறுத்துங்கள். நமக்கு வேண்டியது அவருடைய அன்றாட நடை.

அப்புறம், அந்த 12 விநாடி. அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசியின் வழிகாட்டி, 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் முதியவர் விழும் அபாயம் உண்டு என்கிறது. அதற்காக 11.8 எடுத்தவர் பத்திரம், 12.2 எடுத்தவர் ஆபத்து என்று பிரிப்பது அபத்தம். அந்த வித்தியாசம் நம் கட்டைவிரலிலேயே வந்துவிடும். திரும்பும் இடத்தைக் கவனியுங்கள். சிலர் இரண்டு மூன்று எட்டில் திரும்புவார்கள். சிலர் குட்டிக் குட்டியாக ஏழெட்டு எட்டு வைத்து, சுவரைத் தேடுவார்கள். விநாடி ஒன்றாக இருந்தாலும் நடை ஒன்றில்லை.

நடை வேகம் பார்க்கும்போது நின்ற இடத்திலிருந்தே நேரம் எடுப்பதும் பரவலான தவறு. 10 மீட்டர் நடக்கவிட்டு நடுவில் உள்ள 6 மீட்டருக்கு மட்டும் நேரம் எடுத்தால், கிளம்பும் நிற்கும் தாமதங்கள் கலக்காது.

ஃபோர்ஸ் பிளேட் (ஏறி நின்றால் உடல் ஆடுவதை அளக்கும் பலகை) வைத்திருப்பவர்களுக்கு வேறு மயக்கம். நிற்கும்போது உடல் ஆடுவது குறைந்தால் சமநிலை கூடிவிட்டது என்று நினைக்கிறார்கள். பார்க்கின்சன் நோயில் உடல் விறைத்திருப்பவர் ஆடாமலே நிற்கலாம். லேசாக இடித்தால் சாய்ந்துவிடுவார். மாத்திரை போட்டு எவ்வளவு நேரமாயிற்று என்பதும் அவர்கள் விஷயத்தில் முக்கியம். ஒரு முறை மருந்து வேலை செய்யும்போதும், மறுமுறை அது தணிந்த பிறகும் அளந்தால், அந்த இரண்டு எண்களையும் ஒப்பிடவே முடியாது.

கடைசியாக, எதிரே நின்றுகொண்டு அளக்காதீர்கள். பக்கவாட்டில், அரை எட்டு பின்னால், பலவீனமான பக்கமாக நடந்து வாருங்கள். ஒரு கையில் ஸ்டாப்வாட்ச், மறு கையில் பேப்பர் என்றால் அவர் சாயும்போது பிடிக்க முடியாது. தனியாகச் சமாளிக்க முடியாதவர் என்றால் நேரம் பார்க்க இன்னொருவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.