ஏசியிலிருந்து வரும் வாடை: எங்கிருந்து வருகிறது, எப்படிப் போக்குவது

கார்த்திகை மார்கழியில் நிறுத்தி வைத்த ஏசியைப் பங்குனி வெயிலில் மறுபடி போட்டால், திருநெல்வேலிப் பக்கத்துப் பல வீடுகளில் முதல் ஐந்து நிமிடம் ஈரத்துணி மக்கிய வாடைதான் வரும். ரூம் ஸ்பிரே அடித்தால் அந்த வாடை போகாது. ஸ்பிரேயின் பிசுக்கும் உள்ளே போய், காற்றைக் குளிர்விக்கும் காயிலில் (செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் சேர்ந்த பகுதி) ஒட்டும், அதன்மேல் தூசியும் பூசணமும் இன்னும் எளிதாகப் பிடிக்கும். வாடை எந்த வகை, எப்போது வருகிறது என்று கவனித்தால் அது கிளம்பும் இடம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

முதலில் ஆபத்தானவற்றைப் பார்த்துவிடலாம். பிளாஸ்டிக் கருகும் வாடையோ, அடுப்படியில் மீன் இல்லாத நாளில் மீன் கவுச்சி போன்ற வாடையோ வந்தால் ஏசியின் எம்சிபியை (மின் போர்டில் ஏசிக்கான பாதுகாப்பு சுவிட்ச்) உடனே இறக்குங்கள். வயர் இன்சுலேஷனும் பிளக்கும் சூடேறினால் சில சமயம் அப்படித்தான் கவுச்சியடிக்கும். பிளக் பாயின்ட், ஸ்டெபிலைசர், இண்டோரின் (அறைக்குள் இருக்கும் பெட்டி) வயர் இணையும் டெர்மினல் மூன்றில் எங்காவது ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம், அல்லது போர்டில் பல்லி விழுந்து ஷார்ட் ஆகியிருக்கலாம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் ஏறிய வீடுகளில் தாழ்வான பாயின்ட்டுகளையும் அவுட்டோர் (வெளியே இருக்கும் பெட்டி) டெர்மினலையும் திறந்து பார்க்கச் சொல்வது நல்லது. செம்பு பச்சை பூத்திருந்தால் அந்த இணைப்பு சூடாகும். எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை எம்சிபியைத் திரும்பத் தூக்கிப் பார்க்க வேண்டாம். அவுட்டோர் மூடியையும் நீங்களாகத் திறக்காதீர்கள். கரண்ட்டை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

அழுகிய முட்டைக்கோஸ் வாடை வந்தால் அது சமையல் கேஸ். ஏசிக்குள் ஓடும் ஆர்32, ஆர்410ஏ வாயுக்களுக்கு அப்படி வாடை கிடையாது. எந்த சுவிட்சையும் போடாதீர்கள், அணைக்கவும் செய்யாதீர்கள். கதவு ஜன்னலைத் திறந்து, சிலிண்டர் ரெகுலேட்டரை மூடி, எல்லாரும் வெளியே வந்த பிறகு கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்கு அழையுங்கள்.

இனி அன்றாடம் வரும் மக்கல் வாடை. ஏசி ஓடும்போது காற்றிலுள்ள ஈரம் காயிலில் வியர்த்துச் சொட்டும். நிறுத்தியதும் அந்த ஈரம் உள்ளேயே தங்கிவிடும். தூசி, தோல் துகள், எண்ணெய்ப் புகை ஆகியவற்றோடு சேர்ந்து அங்கே பூசணமும் பாக்டீரியாவும் படலமாகப் படியும். ஃபில்டரை மட்டும் கழுவினால் வாடை போகாததற்குக் காரணம், படலம் ஃபில்டருக்குப் பின்னால் இருப்பதுதான். ஆனி ஆடிக் காற்றில் செம்மண் தூசி அடிக்கும் திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் இது சீக்கிரமே நடக்கும்.

சுத்தம் செய்யும் முறை:

1. எம்சிபியை இறக்குங்கள். கட்டில் மெத்தையை நகர்த்திவிட்டு, ஏசிக்குக் கீழே பிளாஸ்டிக் விரிப்புப் போடுங்கள்.
2. ஃபில்டரைக் கழற்றி, பின்பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் விட்டுக் கழுவி நிழலில் காயவையுங்கள். வெயிலில் போட்டால் வளைந்துவிடும்.
3. பெரும்பாலான மாடல்களில் எலக்ட்ரானிக் போர்டு வலது ஓரத்தில் இருக்கும். அதைப் பிளாஸ்டிக் கவரால் இறுக்கிச் சுற்றுங்கள். இந்த வேலையில் போர்டு நனைவதுதான் பெரிய நஷ்டம்.
4. காயில் தகடுகளை மென்மையான பிரஷால் மேலிருந்து கீழாகத் தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் தகடு மடங்கிக் காற்று போகாது.
5. அமிலம் இல்லாத ஏசி காயில் கிளீனர் நுரையை அடித்து, டப்பாவில் போட்டிருக்கும் நேரம்வரை விடுங்கள். பிறகு கைப்பம்பு ஸ்பிரேயரில் இரண்டு லிட்டர் நல்ல தண்ணீரை மெதுவாக அடித்து அலசுங்கள்.
6. காற்று வெளிவரும் வாயில் டார்ச் அடித்து புளோயர் உருளையைப் பாருங்கள். அதன் இதழ்களில் கறுப்பு மாவு போல ஒட்டியிருந்தால் மெக்கானிக்கை வைத்துக் கழற்றிக் கழுவ வேண்டும். அதை விட்டுவிட்டால் ஒரு வாரத்தில் வாடை திரும்பும்.
7. ஒரு மணி நேரம் காயவிட்டு, ஃபேன் மோடில் அரை மணி ஓட்டிய பிறகு கூலிங் போடுங்கள்.

பிளீச்சிங் பவுடர், கழிப்பறை ஆசிட், காஸ்டிக் சோடா எதுவும் காயில் பக்கம் போகக் கூடாது, அவை அலுமினியத்தை அரிக்கும். பிளீச்சையும் ஆசிட்டையும் கலந்தால் குளோரின் வாயு வரும், மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து. வினிகரும் காயிலுக்கு வேண்டாம், அதன் ஆவி செம்புக் குழாயில் நுண் துளை போடக்கூடும். காயிலுக்குக் கீழே நீர் சொட்டும் தட்டுக்கும், அந்த நீரை வெளியேற்றும் டிரெயின் குழாய்க்கும் மட்டும் கால் லிட்டர் வினிகரையும் அதே அளவு தண்ணீரையும் கலந்து ஊற்றி, இருபது நிமிடம் கழித்து ஒரு லிட்டர் நல்ல தண்ணீரால் அலசலாம்.

காயில் சுத்தமாக இருந்தும் வாறுகால் (சாக்கடை) நாற்றம் அடித்தால் டிரெயின் குழாயின் மறுமுனை எங்கே போகிறது என்று பாருங்கள். பலர் அதைக் குளியலறைக் கழிவுக் குழாயில் நேரே சொருகிவிடுகிறார்கள். இண்டோருக்குள் புளோயர் காற்றை இழுக்கும் பக்கத்தில்தான் தட்டு இருப்பதால், குழாயில் தண்ணீர் ஓடாத நேரத்தில் சாக்கடைக் காற்று அதன்வழி அறைக்குள் ஏறும். சோதிப்பது எளிது. வெளிமுனையை ஈரத்துணியால் கட்டி ஃபேன் மோடில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். நாற்றம் அடங்கினால் வழி அதுதான். துணியை மறக்காமல் அவிழ்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் அறைக்குள் வழியும். குழாயைக் கழிவிலிருந்து பிரித்து, மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவு வைத்து, தொட்டிச் செடிப் பக்கமோ திறந்த வாளியிலோ விடலாம். வாளியானால் நுனி தண்ணீருக்குள் மூழ்கக் கூடாது, கொசு வராமல் தினமும் கொட்ட வேண்டும். நுனியில் பல்லி நுழையாத அளவுக் கண்ணுள்ள வலை கட்டுங்கள்.

திடீரென்று அழுகல் நாற்றம் வந்து நாளுக்கு நாள் கூடினால் உள்ளே பல்லியோ சுண்டெலியோ செத்திருக்கும். கரண்ட்டை நிறுத்தி, கையுறையும் முகக்கவசமும் போட்டு, புளோயர் இதழுக்கிடையிலும் இண்டோருக்குப் பின்னால் குழாய் சுவரைக் கடக்கும் ஓட்டையிலும் தேடுங்கள். எடுத்த பிறகு அந்த ஓட்டையை ஏசி புட்டியால் அடைத்தால் எலி வரும் வழி நிற்கும்.

மேலப்பாளையம், முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் அறையில் ஏசி இருந்தால் புகையிலைத் தூள் காயிலில் படிந்து, குளிர்ந்து ஈரமாகும்போதெல்லாம் காரமாக அடிக்கும். அங்கே வாரம் ஒருமுறை ஃபில்டர் கழுவ வேண்டும், இலையும் தூளும் கையாளும் நேரத்தில் ஏசியை நிறுத்திவிடுவது இன்னும் நல்லது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி, கொசுவர்த்தி இரண்டுக்கும் இதுவே முறை. புகை ஜன்னல் வழி போய் முடிந்த பிறகு ஏசியைப் போடுங்கள்.

வாடை திரும்பாமல் இருக்க, தினமும் காலையில் நிறுத்துவதற்கு முன் இருபது முப்பது நிமிடம் ஃபேன் மோடில் ஓட்டிக் காயிலை உலர்த்துங்கள். ரிமோட்டில் ஆட்டோ கிளீன் இருந்தால் அதைப் போடலாம். வெயில் காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஃபில்டர் கழுவினால் போதும். மழைக்காலத்துக்கு நிறுத்தி வைப்பதற்கு முந்தைய நாள், ஒரு மணி நேரம் ஃபேன் ஓட்டிவிட்டு எம்சிபியை இறக்குங்கள்.