என்ஜின் கோளாறா? ஜன்னல் வழியே பாருங்கள்

இருபது ஆண்டுகள் ஒரு மலிவுக் கட்டண விமான நிறுவனத்தில் என்ஜின் பழுது பார்த்தவன் நான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பயணிகள் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். இந்தப் பக்கம் ஏணியில் நான் வியர்த்துக்கொண்டிருப்பேன். "தொழில்நுட்பக் காரணங்களால் தாமதம்" என்று அறிவித்தால், காத்திருப்பதா வேறு வழி பார்ப்பதா என்பதை ஓரளவுக்கு நீங்களே கணித்துவிடலாம்.

என்ஜின் மூடி திறக்கப்படவில்லை, விமானி அறையில்தான் ஆள் நடமாட்டம் என்றால் பெரும்பாலும் காகித வேலை. எந்தப் பழுதோடு பறக்கலாம், எதோடு கூடாது என்று ஒவ்வொரு விமான வகைக்கும் ஒரு பட்டியல் உண்டு. பல விமானங்களில் ஒரு என்ஜினுக்கு இரண்டு பற்றவைப்பான்கள். ஒன்று செத்தாலும் நிபந்தனையோடு கிளம்ப அனுமதி கிடைக்கலாம். பொறுத்திருங்கள்.

மூடி திறந்திருக்கிறது, ஒருவர் மெல்லிய கறுப்புக் குழாயை உள்ளே விட்டுச் சிறு திரையைப் பார்க்கிறார் என்றால் கதை வேறு. அது போர்ஸ்கோப், என்ஜினின் உட்புறத்தைக் காட்டும் கேமரா. சூடான என்ஜினுக்குள் அதை நுழைக்க முடியாது, ஆற வேண்டும். பிறகு சுழலியை மெல்லத் திருப்பி, ஒவ்வொரு தகடாக எண்ணிப் பார்க்க வேண்டும். நடுவில் எவராவது வந்து "முடிந்ததா?" என்று கேட்டால் எண்ணிக்கை தவறிவிடும், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவேன். மூன்று மணி நேரத்துக்குள் நான் முடித்ததாக நினைவில்லை. என்ஜினைத் தூக்கும் சட்டங்கள் வந்து இறங்கினால், அன்றைக்கு அந்த விமானத்தை மறந்துவிடுங்கள்.

கவுன்ட்டரில் "எப்போது கிளம்பும்?" என்று கேட்காதீர்கள். அங்கே இருப்பவருக்குத் தெரியாது, பல நேரம் எங்களுக்கே தெரியாது. உதிரிபாகம் இங்கேயே இருக்கிறதா, மாற்று விமானம் வருகிறதா, விமானிகளின் பணி நேரம் எப்போது முடிகிறது என்று கேளுங்கள். நான் பழுதை நீக்கிக் கையெழுத்திட்ட பிறகும், விமானிகளின் நேரம் தீர்ந்துபோய் விமானம் அங்கேயே கிடந்த இரவுகள் உண்டு.

மலிவுக் கட்டண நிறுவனங்களில் ஒரே விமானம் நாள் முழுக்க ஓடும். சும்மா நிற்கும் உபரி விமானம் அபூர்வம். போதாததற்கு, பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தின் என்ஜின்களில் சில பாகங்களைச் செய்த உலோகத் தூளில் மாசு இருந்தது 2023இல் வெளியே வந்ததும், உதிரி என்ஜின் குதிரைக்கொம்பாகிவிட்டது. காலையில் விழுந்த அரைமணித் தாமதம் மாலைக்குள் குட்டி போட்டுவிடும். ஆகவே நாளின் முதல் விமானத்தில் டிக்கெட் எடுங்கள். இரவுப் பழுது நீண்டு அதையும் கெடுப்பதுண்டு. ஆனாலும் என் வீட்டார் அதில்தான் போவார்கள்.

கோபத்தில் நீங்களாக டிக்கெட்டை ரத்து செய்யாதீர்கள், உரிமை போய்விடலாம். தாமதத்தின் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் இழப்பீடு கேட்கலாம். சாதாரணத் தொழில்நுட்பக் கோளாறு அதற்கு விலக்காகாது என்று 2008இல் அங்குள்ள நீதிமன்றம் சொன்னது; பறவை மோதல் விலக்கு என்று 2017இல் சொன்னது. வெறும் "தொழில்நுட்பம்" என்று எழுதித் தந்தால், மோதியது பறவையா என்று கேட்டு அதையும் எழுதச் சொல்லுங்கள்.

மருந்தை மட்டும் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைக்காதீர்கள். அதைத் தேடி இறக்குவதற்குச் சில நாட்களில், என்ஜினைப் பார்ப்பதைவிட அதிக நேரம் பிடித்திருக்கிறது.