நைட்ரைடிங்குக்கு முன்பே மரை வெட்டிவிடுங்கள்

ரைஃபிள் குழலை சால்ட் பாத் நைட்ரைடிங்குக்கு (உருகிய உப்பில் அமிழ்த்தி எஃகின் மேற்பரப்பைக் கடினமாக்கும் முறை) அனுப்பும் முன்பே மரை வெட்டுவது, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) குடைவது, துளை போடுவது எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். சுமார் 570–580 டிகிரி செல்சியஸில் உருகிய உப்பிலிருந்து நைட்ரஜனும் கார்பனும் எஃகுக்குள் ஊறுகின்றன. அதனால் இறுகிப்போன மேற்பரப்பில் அரம் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும்; அப்புறம் துளை குடையும் ரீமரை இறக்கினால் மழுங்குவது ரீமர்தான். குரோம் பூச்சைப் போல மேலே ஏறி உட்காரும் படலம் இல்லை என்பதால் அளவு மாறுவதும் சில மைக்ரான்தான்.

குறைந்த சூட்டில் டெம்பர் செய்த (கடினமாக்கியபின் மறுபடி சூடாக்கிப் பதப்படுத்திய) ஸ்பிரிங் போன்ற உதிரிகளைக் கழற்றிவிட்டு அனுப்புங்கள், அவை உப்பின் சூட்டில் இளகிவிடும். நிறையச் சுட்டு உட்புறம் ஏற்கெனவே வெடிப்பு விட்டிருக்கும் குழலுக்கு நைட்ரைடிங்கே வீண் செலவு.