அடுக்குமாடியில் அடாவடி: போலீஸில் எடுபடும்படி புகார் செய்வது எப்படி?

கோலாலம்பூர், பினாங்கு அடுக்குமாடிகளில் இது பழகிப்போன தொல்லை. நள்ளிரவில் கீழே குடியும் கூச்சலும், பாட்டில் உடைப்பு, தட்டிக்கேட்டவர் வீட்டுக் கதவில் உதை. ரோந்துக் கார் வந்தால் கலைகிறார்கள், மறுவாரம் திரும்பவும் கூடுகிறார்கள். போலீஸ் என்ன செய்ய முடியும் என்பது குற்றத்துக்குக் குற்றம் மாறுகிறது. முதலில் அதைப் புரிந்துகொள்ளுங்கள்.

1. என்ன குற்றம் என்று பாருங்கள்

வெறும் சத்தம் என்றால் அது தண்டனைச் சட்டம் 268-இன் கீழ் பொதுத்தொல்லை. 290-ஆம் பிரிவின்படி அபராதம் 400 ரிங்கிட் வரைதான். வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாத வகை இது. அரசுத் தரப்பு வழக்கறிஞரின் உத்தரவு இல்லாமல் முழு விசாரணையும் நடத்த முடியாது. "சத்தம் போடுகிறார்கள்" என்று மட்டும் எழுதிய புகார் நகராமல் கிடப்பது இதனால்தான்.

மிரட்டல் 506-இல் வரும்: சிறை 2 ஆண்டு வரை, கொலை மிரட்டல் என்றால் 7 ஆண்டு வரை. குறிப்பிட்ட ஒருவரைப் பயமுறுத்தும் வகையில் பின்தொடர்வதோ, அவர் வீட்டு வாசலில் சுற்றித் திரிவதோ இரண்டு முறையாவது நடந்திருந்தால் 507ஏ பொருந்தலாம். 31 மே 2023 முதல் நடப்பில் உள்ள இந்தப் பிரிவில் சிறை 3 ஆண்டு வரை. பலருக்கு இப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியவில்லை.

2. நடக்கும்போதே 999

999 மலேசியாவின் அவசர எண். விடிந்த பிறகு அழைப்பதில் பயன் குறைவு. வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாத குற்றமானாலும், போலீஸ்காரர் முன்னிலையில் அதைச் செய்தவர் பெயர், முகவரி தர மறுத்தாலோ பொய்யாகத் தந்தாலோ கைது செய்யலாம் (குற்றவியல் நடைமுறைச் சட்டம் 24). பிளாக், எந்த நுழைவாயில், எத்தனை பேர், கையில் ஆயுதம் உண்டா, மோட்டார் சைக்கிள் எண் ஆகியவற்றை இந்த வரிசையிலேயே சொல்லுங்கள். நீங்கள் கீழே இறங்க வேண்டாம்.

3. அன்றன்றே குறித்து வையுங்கள்

இப்படி எழுதினால் போதும்: "சனி, இரவு 11.40 – 12.55. பி பிளாக் படிக்கட்டு. நான்கு பேர். சிவப்புச் சட்டைக்காரர் என் கதவை மூன்று முறை உதைத்தார். 'கெலுவார், அகு பூனோ காவ்' என்றார். 11.52-க்கு 999 அழைத்தேன்."

பேசியதை அவர்கள் பேசிய மொழியிலேயே எழுதுங்கள் (மேலே இருப்பது மலாய்: 'வெளியே வா, உன்னைக் கொல்வேன்'). "மிரட்டினார்" என்பது உங்கள் முடிவு. அவர் வாயில் வந்த சொல்தான் 506-க்கு வேண்டியது. கைப்பேசியில் எடுத்த வீடியோவை வெட்டாமல், தேதியோடு அப்படியே வைத்திருங்கள். சமூக ஊடகத்தில் போட வேண்டாம்.

4. நிலையத்தில்

அடையாள அட்டையோடு போங்கள். மலேசியாவில் எங்கே நடந்த குற்றமானாலும் தகவலைப் பெற்றுக்கொள்வது போலீஸின் கடமை. "அந்த நிலையத்துக்குப் போங்கள்" என்று திருப்பி அனுப்பினால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 107-ஐ மரியாதையாக நினைவூட்டுங்கள். வாயால் சொன்னதை எழுதி, உங்களுக்கு வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து. இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். நேரமும் மிரட்டல் வார்த்தையும் விடுபட்டிருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். மலாய் தடுமாறும் பெரியவர்களோடு துணைக்கு ஒருவர் போகட்டும். புகார் எண்ணும் விசாரணை அதிகாரியின் பெயரும் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

5. நிர்வாகத்துக்கும் ஒரு கடிதம்

தொல்லை தருபவர் அதே கட்டடத்தில் குடியிருப்பவரா? துணைவிதியை (கட்டடத்தில் குடியிருப்போருக்கான விதி) மீறினால் 200 ரிங்கிட் வரை அபராதம் விதிக்க நிர்வாகம் தீர்மானம் போடலாம். நிர்வாகம் அசையவில்லை என்றால் கட்டட ஆணையரிடம் போங்கள். கோலாலம்பூரில் மாநகர் மன்றத்தில், பினாங்கில் தீவு அல்லது செபராங் பிறை மாநகர் மன்றத்தில்.

6. நான்கு வாரம் கழித்து

வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமானால், புகார் செய்து நான்கு வாரம் ஆனதும் அதே நடைமுறைச் சட்டத்தின் 107ஏ-இன்படி விசாரணை நிலவரத்தை எழுத்தில் கேளுங்கள். இரண்டு வாரத்துக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கு எழுதலாம். அவர் மாவட்டப் போலீஸ் தலைவருக்கு உத்தரவிடுவார். கேட்ட கடிதத்தின் நகலில் நிலையத்தின் முத்திரையும் தேதியும் இருக்க வேண்டும். அந்த இரண்டு வாரம் ஓடத் தொடங்குவது அந்தத் தேதியிலிருந்துதான்.