முலாம் பூசிய கீல் பின், புஷ்ஷுக்குள் இறுகாமல் இருக்க

திசையன்விளை பக்கம் சித்தப்பா தோட்டத்து கேட்டுக்கு நானே கீல் செய்தேன். கடற்காற்றில் துருப்பிடிக்கக் கூடாதே என்று 20 மி.மீ. பின் (கீலின் அச்சுத் தண்டு), அது சுழலும் இரும்புப் புஷ் (குழல்), இரண்டுக்கும் நிக்கல் முலாம் போட்டேன். பத்தே நாளில் கேட் அசையவில்லை. தட்டிக் கழற்றினால் துளிகூடத் துரு இல்லை. பின்னைச் சுற்றிப் பளபளவென்று கிழிந்த கோடுகள், நடுவில் ஒட்டிய உலோகத் திரட்டு. லேத் அண்ணாச்சி பார்த்ததும், "ஏன்டே, ரெண்டுக்கும் ஒரே முலாமா பூசுவாவ?" என்றார்.

எவ்வளவு வழவழப்பான பரப்பிலும் நுண்ணிய மேடுகள் இருக்கும். பாரம் ஏறும்போது எதிரெதிர் மேடுகள் அழுந்தி ஒட்டி, பிய்ந்து, அந்தத் துணுக்கே அடுத்த இடத்தை உழும். ஒரே உலோகம் ஒன்றோடொன்று உரசினால் இந்த ஒட்டல் சுலபம்.

ஆகவே முதல் வேலை ஜோடி பார்ப்பது. எஃகுப் பின்னுக்கு ஹார்ட் குரோம் (கடினமான குரோமிய முலாம்), புஷ்ஷுக்கு முலாமில்லாத கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்): இதுதான் என் தேர்வு. குரோமோடு குரோம், நிக்கலோடு நிக்கல் வேண்டாம். துத்தநாக முலாம் துருவைத் தடுக்கத்தான். மெத்தென்று இருப்பதால் உரசும் இடத்தில் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

அடுத்து அளவு. நான் கோட்டை விட்டது இங்கேயும்தான். 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) முலாம் என்றால் பின்னின் விட்டம் 20 மைக்ரான் கூடும், புஷ்ஷின் துளை 20 குறையும். இடைவெளியில் 40 மைக்ரான் போச்சு. 20 மி.மீ. பின்னுக்கு நான் விட்டிருந்ததே ஏறக்குறைய அவ்வளவுதான்! முலாம் தடிமனை முன்கூட்டியே கழித்துக் கடையுங்கள். ஹார்ட் குரோம் தடிமனாகப் போட்டால், பூசிய பிறகு கிரைண்டிங் செய்து அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

கூர் விளிம்புகளை முலாமுக்கு முன்பே உருட்டிவிடுங்கள். அங்கேதான் முலாம் தடித்து ஏறும்.

மாட்டும் முன் இரண்டையும் மண்ணெண்ணெயில் கழுவுங்கள். எமரி (தேய்ப்புத் தாள்) போட்டிருந்தால் இரண்டு முறை, ஏனென்றால் அந்தத் துகள் கன்மெட்டலில் பதிந்து பின்னை அராவும். அப்புறம் மாலிப்டினம் டைசல்பைடு கலந்த கறுப்பு கிரீஸ். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். ஆடிக் காற்றில் தேரி மணல் எங்கும் புகும் ஊர் இது; கீலின் மேல்வாயில் ஒரு ஃபெல்ட் வாஷர் (கம்பளித் துணி வளையம்) போடுங்கள்.

கடைசியாக, பாரம் ஏற்றாமல் கையால் மெல்ல இருபது முப்பது தடவை சுழற்றி, கழற்றித் துடைத்துப் பாருங்கள். கோடு விழவில்லை என்றால் புது கிரீஸ் தடவி மாட்டலாம். நடுவில் இறுகினால் சுத்தியலை எடுக்காதீர்கள். மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, இறுகிய திசைக்கு எதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வெளியே எடுங்கள்.