மிக்சர் டப்பாவை வெல்வது எப்படி? எடை குறைக்க ஆரம்பிப்பவர்களுக்கு ஒரு செய்முறை

இரவு பத்து மணி. சாப்பிட்டுப் பாத்திரமும் கழுவியாகிவிட்டது. பசி இல்லை. ஆனாலும் கை தானாகப் போய் மிக்சர் டப்பாவைத் திறக்கிறது. நின்றபடியே ஒரு பிடி. மூடி போடுவதற்குள் இன்னொரு பிடி. அப்புறம் கடலையை மட்டும் பொறுக்கி ஒரு சுற்று. எடை குறைக்கப் பாடுபடுபவர்கள் கல்யாணப் பந்தியில் தோற்பதைவிட இந்த டப்பாவிடம் தோற்பதுதான் அதிகம் என்பது என் அனுபவம்.

நான் மதுரைக்காரன், வயது 43. 84 கிலோவிலிருந்து 75க்கு வர 11 மாதம் ஆனது. அதற்கு முன் மூன்று முறை முயன்று தோற்றேன். மூன்று முறையும் ஒரே கதை. "இனிப்பு, எண்ணெய்ப் பலகாரம் எதையும் தொடமாட்டேன்" என்று சபதம் எடுப்பேன். ஆறு வாரம் ஓடும். பிறகு ஏதாவது ஒரு வளைகாப்பில் ஒரு ஜாங்கிரி உள்ளே போகும். "சரி, டயட் போச்சு, ஆனது ஆச்சு" என்று கூடவே இன்னும் இரண்டு போகும். அன்று ராத்திரி புரோட்டா. அந்த வாரம் முழுக்க அப்படியே.

இந்த 'ஆனது ஆச்சு' என் ஒருவனுடைய பலவீனம் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. பீட்டர் ஹெர்மன் என்ற உளவியலாளர் தன் சக ஆய்வாளருடன் சேர்ந்து 1975இல் ஒரு சோதனையை வெளியிட்டார். சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு வேண்டிய மட்டும் ஐஸ்கிரீம் சாப்பிடச் சொன்னார்கள். உணவுக் கட்டுப்பாடு இல்லாதவர்கள் மில்க் ஷேக் குடித்ததால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் தலைகீழ்: மில்க் ஷேக் குடித்த பிறகு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். விதி ஒரு முறை உடைந்ததும் மொத்தமாகக் கைவிட்டுவிட்டார்கள்.

அதனால் இந்தச் செய்முறையில் 'தொடவே கூடாது' பட்டியல் எதுவும் கிடையாது. நாக்கில் ருசி பதியாமலே உள்ளே போவதை வெட்டிவிட்டு, ரசித்துத் தின்பதை வைத்துக்கொள்வதுதான் கணக்கு.

ஆரம்பிக்கும் முன் ஒரு வார்த்தை. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், வளரும் பிள்ளைகள், முன்பு பட்டினி கிடந்தோ தின்றதை வாந்தி எடுத்தோ அவதிப்பட்டவர்கள் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

படி 1: ஒரு வாரம் எழுதுங்கள், எதையும் மாற்றாதீர்கள்

சின்ன நோட்டு போதும். வேளைச் சாப்பாட்டை எழுத வேண்டாம். இடையில் கொறிப்பதை மட்டும் எழுதுங்கள்: மணி என்ன, என்ன தின்றீர்கள், எங்கே இருந்தீர்கள், அதற்கு முன் என்ன நடந்தது. "4.45, கீழே டீக்கடை, வாழைக்காய் பஜ்ஜி 2, மேனேஜரோடு வாக்குவாதம்." இவ்வளவுதான்.

என் முதல் வாரத்தில் 19 வரி இருந்தது. அதில் 11 வரி மாலை நாலரைக்கும் ஆறரைக்கும் நடுவில். ஐந்து வரி இரவு ஒன்பதரைக்கு மேல். விசேஷ வீட்டு இனிப்பு ஒரே ஒரு வரி. இத்தனை காலமும் நான் பயந்தது அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான்.

படி 2: வயிறு கேட்கிறதா, வாய் கேட்கிறதா?

இதற்கு ஒரு எளிய சோதனை. "இப்போது இரண்டு இட்லியும் சாம்பாரும் வைத்தால் சாப்பிடுவேனா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். "சாப்பிடுவேன்" என்றால் அது பசி. பசிக்குச் சாப்பாடுதான் மருந்து, அடக்கிக்கொண்டு உட்காராதீர்கள். "இட்லியெல்லாம் வேண்டாம், மொறுமொறுவென்று ஏதாவது" என்றால் அது வாய்.

மாலையில் வருவது பெரும்பாலும் அசல் பசிதான். அதன் வேர் மத்தியானத் தட்டில் இருக்கிறது. வத்தக்குழம்பு, ஒரு தட்டுச் சோறு, அப்பளம், கடைசியில் ரசம். ருசிக்குக் குறைவில்லை, ஆனால் பருப்போ முட்டையோ மீனோ பெயருக்குக்கூட இல்லை. புரதமும் நார்ச்சத்தும் இருந்தால்தான் வயிறு நேரம் தாங்கும். எனவே மத்தியானம் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, கூட்டோ பருப்போ ஒரு கரண்டி கூட்டுங்கள். அவித்த முட்டை ஒன்று சேர்ந்தால் இன்னும் நல்லது; ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம், 75 கலோரிக்குப் பக்கம்.

அடுத்தது நாலு மணிக்குச் சுண்டல். நவராத்திரிக்கு மட்டும் ஏன்? சனிக்கிழமை ராத்திரி கால் கிலோ கொண்டைக்கடலையை ஊற வையுங்கள். ஞாயிறு காலை உப்புப் போட்டுக் குக்கரில் நாலைந்து விசில் விட்டு, தண்ணீரை வடித்து ஆற வைத்து, மூடி போட்ட டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மூன்று நாள் தாங்கும். தினமும் வேண்டியதை மட்டும் எடுத்து ஒரு டீஸ்பூன் எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, வற்றல் மிளகாய் தாளித்துப் புரட்டினால் ஐந்து நிமிட வேலை. எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம். தேங்காயை அள்ளிப் போடாமல் தூவிக்கொள்ளுங்கள்.

கணக்கையும் பாருங்கள். வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் சுமார் 160 கலோரி. மிக்சர் 100 கிராமில் 500க்கு மேல். அந்த 100 கிராம் கடலையை மென்று முடிக்கப் பத்து நிமிடமாவது ஆகும். மிக்சர் ஒரு சீரியல் விளம்பர இடைவேளைக்குள் முடிந்துவிடும்.

டீக்கடைக்குப் போவதை நிறுத்தச் சொல்லவில்லை, நானும் நிறுத்தவில்லை. சுண்டலைத் தின்றுவிட்டுப் போனால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பஜ்ஜி அவ்வளவாகக் கூப்பிடாது. கூப்பிட்டாலும் ஒன்றோடு நின்றுவிடும்.

படி 3: டப்பாவை இடம் மாற்றுங்கள்

மன உறுதி என்பது இரவு பத்து மணிக்குத் தூங்கப் போய்விடும் ஆள். அதை நம்பி அடுக்களையை ஒழுங்கு செய்யாதீர்கள். மிக்சர், முறுக்கு, பிஸ்கட் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத டப்பாவில், ஸ்டூல் போட்டால்தான் எட்டும் பரணுக்குப் போகட்டும். கைக்கு எட்டும் தட்டில் கொய்யா, வாழைப்பழம், பொட்டுக்கடலை இருக்கட்டும்.

தின்பதென்று முடிவு செய்துவிட்டால் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு, டப்பாவை மூடி மேலே வைத்துவிட்டு, உட்கார்ந்து தின்னுங்கள். பாக்கெட்டிலிருந்து நேராகத் தின்றால் எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது.

கடையில் அரைக் கிலோ வாங்கும்போது "பிள்ளைகளுக்கு" என்று சொல்வோம் இல்லையா? என் வீட்டில் அந்த மிக்சரில் பாதிக்கு மேல் தின்றது பிள்ளைகள் இல்லை. இப்போது நூறு கிராம்தான் வாங்குகிறேன். கிலோ கணக்கில் கொஞ்சம் விலை கூடும். பரவாயில்லை.

படி 4: கால் மணி நேரம் தள்ளிப் போடுங்கள்

வாய் நமநமவென்றால் 'வேண்டாம்' என்று சொல்லாதீர்கள். 'கால் மணி நேரம் கழித்து' என்று சொல்லுங்கள். குடியையும் சிகரெட்டையும் விட முயன்றவர்களுக்காக ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் சொல்லிக் கொடுத்த முறை இதற்கும் பொருந்துகிறது. ஆசை அலை மாதிரி எழும், உச்சிக்குப் போகும், இறங்கும். அதோடு மல்லுக்கட்டாமல் அது வந்து போவதைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

சும்மா உட்கார்ந்து கவனிக்க எனக்கு வராது. மாடிக்குப் போய்த் துணி எடுப்பேன். சுக்கு மல்லிக் காபி சர்க்கரை போடாமல் போட்டுக் குடிப்பேன். ராத்திரி என்றால் பல் தேய்த்துவிடுவேன். பேஸ்ட் வாசனையோடு முறுக்கு ருசிக்காது. மூன்றுக்கு இரண்டு முறை வேலை செய்கிறது. மீதி ஒரு முறை கால் மணி கழித்தும் வேண்டும் என்றுதான் தோன்றும். அப்போது கிண்ணம் எடுங்கள், படி 3.

தூக்கம் குறைந்த மறுநாள் நாக்கின் ஆட்டம் கூடுதலாக இருக்கும். அன்று உங்களைத் திட்டிக்கொள்ளாமல் சீக்கிரம் படுத்துவிடுங்கள்.

படி 5: ருசிக்காததை விற்று ருசிப்பதை வாங்குங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. ஒரு டீஸ்பூன் சர்க்கரை சுமார் 5 கிராம், 20 கலோரி. நாளைக்கு நாலு காபி, டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சேர்க்கும் சர்க்கரை ஒரு நாள் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது; 5 சதவீதத்துக்குள் வந்தால் இன்னும் நல்லது. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது முறையே 50 கிராம், 25 கிராம். காபி, டீயே 40ஐத் தின்றுவிட்டால் ஜிகர்தண்டாவுக்கு எங்கே இடம்?

அந்த இரண்டாவது ஸ்பூனை நீங்கள் ரசித்துக் குடிக்கிறீர்களா? பழக்கத்தில் போகிறது, அவ்வளவுதான். இரண்டிலிருந்து ஒன்றரைக்கு வாருங்கள். இரண்டு வாரம் கழித்து ஒன்றுக்கு வாருங்கள். முதல் நாலு நாள் காபி கசக்கும், அப்புறம் பழைய காபியைக் குடித்தால் பாயசம் மாதிரி இருக்கும். நாளைக்கு 80 கலோரி, வாரத்துக்கு 560 மிச்சம். அதில் பாதியை எடை குறைய விட்டுவிட்டு, மீதிப் பாதியில் ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு நிஜமாகவே பிடித்த ஒன்றைச் சாப்பிடுங்கள். எனக்கு அது ஒரு சின்ன டம்ளர் ஜிகர்தண்டா. உங்களுக்கு அது ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவாகவோ ஒரு துண்டு மைசூர்பாகாகவோ இருக்கலாம்.

சாப்பிடும் முறையும் முக்கியம். வெறும் வயிற்றில் வேண்டாம், சாப்பாட்டுக்குப் பின் நல்லது. தட்டில் வைத்து, உட்கார்ந்து, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள். முதல் வாய்க்குப் பத்து மதிப்பெண் என்றால் ஐந்தாவது வாய்க்கு எவ்வளவு என்று கவனியுங்கள். ஆறுக்குக் கீழே இறங்கினால் அதற்கு மேல் தின்பது காசுக்காகத்தான்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. வெல்லம், கருப்பட்டி, தேன் போட்டால் எடை ஏறாது என்று நினைப்பது ஒன்று. கருப்பட்டியின் வாசனைக்காகத் தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் கலோரியில் சர்க்கரைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. மற்றது 'சுகர் ஃப்ரீ' பிஸ்கட். சர்க்கரைதான் இல்லை, மைதாவும் கொழுப்பும் அப்படியே இருக்கின்றன. எடை குறைக்கும் வழியாகச் செயற்கை இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023இல் சொல்லிவிட்டது.

படி 6: அத்தைகளும் தீபாவளியும்

"ஒரே ஒரு லட்டுதானே, இதுக்குமா கணக்கு பாப்ப?" என்று கேட்கும் அத்தையிடம் கலோரி பாடம் நடத்தாதீர்கள். அவர் கொடுப்பது பாசம், அதை மறுத்தால் வருத்தம் மிஞ்சும். "வயிறு நிறைஞ்சிருக்கு அத்தை, ரெண்டு கட்டிக் குடுங்க, வீட்ல போய் சாப்பிடுறேன்" என்று சொல்லிப் பாருங்கள். முகம் மலர்ந்துவிடும். வீட்டில் ஒன்றை மறுநாள் சாப்பாட்டுக்குப் பின் நீங்கள் சாப்பிடலாம், மற்றது பக்கத்து வீட்டுக்குப் போகலாம்.

தீபாவளியன்று கணக்குப் பார்க்காதீர்கள். பிடித்த இரண்டு பலகாரத்தை முதலிலேயே தீர்மானித்துக்கொண்டு அன்று நன்றாகச் சாப்பிடுங்கள். கெடுதல் அதற்கடுத்த பத்து நாளில்தான் நடக்கும்: எல்லா வீட்டிலிருந்தும் வந்த பலகாரம் டப்பாக்களில் மிஞ்சி, போகும்போதும் வரும்போதும் ஒரு துண்டு வாயில் விழும். மறுநாளே பிரித்துக் கொடுத்துவிடுங்கள். அலுவலகத்துக்குக் கொண்டுபோனால் பதினொரு மணிக்குள் காலியாகிவிடும்.

படி 7: சறுக்கினால்

சறுக்குவீர்கள். மறுநாள் காலை எடை மெஷினில் ஒரு கிலோ கூடியிருக்கும். அதைப் பார்த்துப் பயந்துதான் பலரும் கைவிடுகிறார்கள். ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7700 கலோரி. தேவைக்கு மேல் அவ்வளவையும் ஒரே நாளில் யாரும் தின்றிருக்க முடியாது. கூடியதில் பெரும்பகுதி தண்ணீர்: உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும், உடல் சேமிக்கும் மாவுச்சத்தும் தன்னோடு தண்ணீரைச் சேர்த்து வைக்கும். நாலு நாள் மெஷின் பக்கம் போகாதீர்கள்.

பரிகாரமாகப் பட்டினி கிடக்காதீர்கள். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலத்தில், 1944-45இல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 பேரை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். எல்லாரும் தாமாக முன்வந்த, நல்ல உடல்நலமுள்ள இளைஞர்கள். நாளாக ஆக அவர்களுக்குச் சோற்று நினைப்பே பிழைப்பாகிப் போனது. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படிக்க ஆரம்பித்தார்கள். பட்டினி ஆசையைக் கொல்வதில்லை, தீனி போட்டு வளர்க்கிறது.

எனவே ஜாங்கிரி தின்ற மறுநாள் காலையில் செய்ய வேண்டியது: மூன்று இட்லி, சாம்பார், ஒன்றரை ஸ்பூன் சர்க்கரை போட்ட காபி. நோட்டில் ஒரு வரி. சனிக்கிழமை என்றால் கொண்டைக்கடலையை ஊற வைத்துவிடுங்கள்.