‘எங்கள் வீட்டில் இப்படித்தான்’: வீட்டு விளையாட்டு விதிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலமான அந்த 61 நாட்களில், காசிமேட்டுப் பக்கம் கேரம் போர்டு ஓய்ந்து கிடப்பதில்லை. விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில் இருப்பார்கள். பிள்ளைகளுக்கும் கோடை விடுமுறை. கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் டிரம்மின் மேல் போர்டை வைத்து, போரிக் பவுடரைத் தூவிவிட்டால் இருட்டும் வரை யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

அப்படி ஒரு மாலையில் எங்கள் உறவினர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எட்டு வயதுப் பெண் ஆடிக்கொண்டிருந்தாள். குழியின் விளிம்பில் நின்ற ‘ரெட்’ என்ற சிவப்புக் காயைத் தட்டிப் போட்டுவிட்டாள். அடுத்த அடியில் ஃபாலோ போட வேண்டும், அதாவது தன் காய் ஒன்றையும் போட்டால்தான் ரெட் அவளுடையது. காய் குழிக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றுவிட்டது. அவள் முகம் வாடியதைப் பார்த்த பெரியப்பா, “சின்னப் பிள்ளைக்கு ஃபாலோ வேண்டாம், ரெட் அவளுக்கே” என்றார். பதினொரு வயது அண்ணன் எதுவும் பேசாமல் ஸ்ட்ரைக்கரைப் போர்டின் நடுவில் வைத்துவிட்டு எழுந்து போனான். முந்தின நாள் அவனும் ரெட்டைப் போட்டு ஃபாலோவைத் தவறவிட்டிருந்தான். அப்போது யாரும் அவனுக்காக விதியைத் திருத்தவில்லை.

மறுநாள் போர்டின் முன் உட்காரும் முன்பே அந்தப் பெண் கேட்டாள்: “இன்றைக்கு எனக்கு ஃபாலோ உண்டா, இல்லையா?”

வீட்டு விதி உண்டாக்குகிறவர்கள் செய்கிற முதல் தவறும் பெரிய தவறும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. ஆட்டம் பாதியில் இருக்கும்போது பிறக்கிற விதி யாராவது ஒருவருக்குச் சாதகமாகத்தான் பிறக்கும். சொல்கிறவர் எவ்வளவு நல்ல மனதோடு சொன்னாலும், காய்கள் எங்கே நிற்கின்றன என்பதைப் பார்த்துவிட்டுத்தானே சொல்கிறார்? அதே சலுகையை ஆட்டம் தொடங்கும் முன் சொல்லியிருந்தால் அண்ணனே தலையாட்டியிருப்பான். தங்கைக்கு விட்டுக்கொடுப்பது அவனுக்கு வருத்தமில்லை, தன் முதுகுக்குப் பின்னால் கணக்கு மாறுவதுதான் வருத்தம்.

ஆகவே விதிகளைப் பற்றிய பேச்சு முதல் காயை அடிப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். ஆட்டத்தின் நடுவே எதிர்பாராத சிக்கல் வரத்தான் செய்யும். ஒரு காய் இன்னொன்றின் மேல் ஏறி நிற்கும், அல்லது தாயக்கட்டை பாயின் ஓரத்தில் சாய்ந்து எந்த முகம் மேலே என்று தெரியாமல் கிடக்கும். அப்போது அந்த ஒரு அடியை மட்டும் மறுபடி ஆடச் சொல்லுங்கள். பொதுவிதி என்ன என்பதை அந்த ஆட்டம் முடிந்த பிறகு எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள்.

அடுத்த தவறு, ஒரு விதி என்ன வேலை செய்கிறது என்று பார்க்காமலே அதைத் தூக்கிவிடுவது. இதற்குத் தாயத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு பித்தளைக் கட்டைகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு நீள முகங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று முகங்களில் புள்ளிகள், ஒரு முகம் வெறுமை. ஒன்றும் வெறுமையும் விழுந்தால் தாயம். தாயம் விழுந்தால்தான் காயை இறக்க முடியும். எங்கள் ஆயா தண்டையார்பேட்டை வீட்டின் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, காயை யாரும் வெட்ட முடியாத கட்டங்களான மலைகளுக்குக் குறுக்குக்கோடு இழுத்து, கட்டைகளை உள்ளங்கையில் உருட்டி வீசுவார். அந்தச் சத்தத்துக்கே நாங்கள் ஓடிவந்து உட்காருவோம். ஆனால் பத்து முறை வீசியும் தாயம் விழாத பிள்ளை அழத் தொடங்கும். அந்த இடத்தில்தான் விதி மாற்றச் சொல்லிக் குரல் எழும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த அழுகையில் நியாயம் இருப்பது தெரியும். இரண்டு கட்டைகளும் விழக்கூடிய விதங்கள் மொத்தம் 16. அவற்றில் தாயம் வருவது 2. அதாவது எட்டு வீச்சுக்கு ஒன்று. இந்தக் கணக்கில், பத்து முறை வீசியும் ஒரு தாயம்கூட விழாமல் போகிற வாய்ப்பு ஏறத்தாழ 26 சதவீதம். நான்கு பேர் உட்கார்ந்தால் அவர்களில் ஒருவர் வெறுமனே வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார் என்று எதிர்பார்க்கலாம். பெரும்பாலும் அது கடைக்குட்டியாக இருக்கும்போதுதான் நமக்குக் கண்ணில் படுகிறது.

உடனே பல வீடுகளில் செய்வது, தாயமே வேண்டாம், எல்லாக் காய்களையும் இறக்கிவைத்துத் தொடங்குவோம் என்பது. இரண்டு நாள் நன்றாக இருக்கும். மூன்றாம் நாள் ஆட்டம் சப்பென்று ஆகிவிடும். ஏன் என்று யோசித்தால் பதில் வெட்டில், அதாவது எதிராளியின் காய் நிற்கிற கட்டத்துக்கு நம் காய் போய் அதை வெளியேற்றுவதில், இருக்கிறது. வெட்டுப்பட்ட காய் வெளியே போய்த் தாயத்துக்குக் காத்துக் கிடக்க வேண்டும் என்பதால்தான் வெட்டுக்கு நாம் அஞ்சுகிறோம். மலையில் போய் நிற்பதற்கு ஒரு பொருள் வருவதும் அதனால்தான். காத்திருப்பை எடுத்துவிட்டால் வெட்டுப்பட்ட காய் மறு வீச்சிலேயே திரும்பி வந்துவிடும், மலையும் மற்றக் கட்டங்களைப் போல ஒரு கட்டமாகிவிடும். ஒரு பிள்ளையின் அழுகையை நிறுத்தப்போய் ஆட்டத்தின் உயிரையே எடுத்துவிடுகிறோம்.

நான் கண்டவரை இதற்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று, எல்லோருக்கும் முதல் காயை மட்டும் இனாமாக இறக்கிவிடுவது. மற்றவற்றுக்கும் வெட்டுப்பட்டவற்றுக்கும் தாயம் வேண்டும். யாரும் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்க மாட்டார்கள், வெட்டின் பயமும் போகாது. இன்னொன்று, தாயத்தோடு ஐந்தையும் சேர்த்துக்கொள்வது. ஐந்தும் 16இல் 2 விதமாக விழும். ஆக இறங்கும் வாய்ப்பு நான்குக்கு ஒன்றாகிவிடுகிறது. பத்து வீச்சிலும் இறங்க முடியாமல் போகிற வாய்ப்பு 26 சதவீதத்திலிருந்து ஆறுக்கும் கீழே வந்துவிடும். குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு இதுவே போதும்.

தாயத்தில் இன்னொரு விதியையும் கவனியுங்கள். ஒரு வெட்டாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்குள் நுழையலாம் என்று சில வீடுகளில் வைத்திருப்பார்கள். எங்கள் ஆயாவுக்குப் பேரப்பிள்ளைகளின் காயை வெட்ட மனம் வராது. வெட்டக்கூடிய காய் எதிரே நின்றாலும் வேறு காயை நகர்த்துவார். அந்த விதியின்படி ஆடிய நாட்களில் அவர் ஒரு காயைக்கூட உள்ளே கொண்டுபோய்ப் பழமாக்கியதில்லை. சுற்றிச் சுற்றி வருவார். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் அந்த விதி உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது, விட்டுவிடுங்கள்.

மோனோபோலி, பிசினஸ் போன்ற ஆட்டங்களில் இதே தவறு வேறு வடிவில் வரும். மோனோபோலியில் இலவச வாகன நிறுத்தம் என்று ஒரு கட்டம் உண்டு. 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் வெளியிடத் தொடங்கிய அந்த ஆட்டத்தின் அச்சிட்ட விதிப்படி அங்கே போய் நின்றால் ஒன்றும் கிடைக்காது. அது வெறும் இளைப்பாறும் இடம். ஆனால் உலகம் முழுக்க வீடுகளில் வரியையும் அபராதத்தையும் பலகையின் நடுவில் குவித்துவைத்து, அந்தக் கட்டத்துக்கு வருகிறவருக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள். கொடுக்கும்போது மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் கையிருப்புக் கரைந்து ஒவ்வொருவராக வெளியேறினால்தான் அந்த ஆட்டம் முடியும். வங்கிக்குப் போக வேண்டிய பணம் திரும்பத் திரும்ப ஆட்டக்காரர்களிடமே வந்தால் யாரும் நொடிந்து போவதில்லை. டிசம்பர் மழைக்குப் பள்ளி விடுமுறை விட்ட நாளில் காலையில் தொடங்கியது, ராத்திரிச் சாப்பாட்டுக்கும் முடியாமல் பிள்ளைகள் அலுத்துப்போய்ப் பலகையை மூடுவார்கள்.

அதே ஆட்டத்தில் இன்னொரு விதியைப் பலர் படிப்பதே இல்லை. ஒருவர் தான் நின்ற இடத்தை வாங்க விரும்பாவிட்டால் வங்கி அதை ஏலம் விட வேண்டும். ஏலத்தை விட்டுவிடுவதால் இடங்கள் விற்காமல் கிடந்து ஆட்டம் இன்னும் நீளுகிறது. புது விதி சேர்க்கும் முன் பெட்டியில் இருக்கிற விதித்தாளை ஒரு முறை முழுவதும் படித்துவிடுங்கள். நாம் தேடுகிற தீர்வு அதிலேயே இருக்கலாம்.

நன்றாக ஆடுகிற ஒருவரைக் குறிவைத்து விதி செய்வது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற தவறு. எங்கள் உறவில் ஓர் அத்தை இருக்கிறார். சமையல் முடித்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாரென்றால் நான்கு காய்களை வரிசையாகப் போட்டுவிட்டுத்தான் ஸ்ட்ரைக்கரை அடுத்தவருக்குத் தருவார். அவரிடம் தோற்றுத் தோற்றுச் சலித்தவர்கள், இனி அத்தை இடது கையால்தான் அடிக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். இரண்டு வாரம் ஆடினார். அதன் பிறகு கூப்பிடும்போதெல்லாம் அடுப்பில் வேலை இருக்கிறது என்பார்.

இந்த வடசென்னையின் தெருக்களில் கேரம் என்பது சாதாரண விஷயமா? வியாசர்பாடியிலிருந்து போய் 2008இல் உலகப் பட்டம் வென்றார் இளவழகி. புதுவண்ணாரப்பேட்டை காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கி வந்தார். இப்படிப்பட்ட ஊரில், ஒரு பெண்ணின் கைத்திறனைக் கட்டிப்போடுகிற விதியை நம் வீட்டுக்குள்ளேயே நாம் எழுதலாமா? சமன் செய்ய வேண்டுமென்றால் புள்ளிக்கணக்கில் செய்யுங்கள். 25 புள்ளி ஆட்டத்தில் மற்றவர்களுக்கு முன்கூட்டியே எட்டோ பத்தோ கொடுத்துவிட்டுத் தொடங்கட்டும். அவர் தன் முழுத் திறமையோடு ஆடுவார், பிள்ளைகளும் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள்.

போட்டி விதிகளை எழுதியவர்களும் அதைத்தான் செய்திருக்கிறார்கள். ரெட்டுக்கு மூன்று புள்ளி. ஆனால் ஒருவர் 22 புள்ளியைத் தொட்டுவிட்டால் அதற்குமேல் ரெட் போட்டாலும் அவருக்கு அந்த மூன்று கிடையாது. முன்னால் போகிறவரைச் சற்று இழுத்துப் பிடிக்கிற விதிதான். அது யார் பெயரையும் சொல்லவில்லை, யார் 22ஐத் தொட்டாலும் பொருந்தும். வீட்டு விதியும் இப்படி இருக்க வேண்டும். பெருவிரலால் அடிக்கக் கூடாது என்று பல வீடுகளில் பிள்ளைகளின் கையைத் தட்டிவிடுகிறார்கள். சர்வதேச கேரம் சம்மேளனம் பெருவிரலை அனுமதிக்கிறது. அடிக்கட்டும், விடுங்கள்.

சலுகை கொடுக்கும்போது அது எப்போது முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல மறக்கிறோம். ஐந்து வயதில் கொடுத்த சலுகை பத்து வயதிலும் தொடர்ந்தால் அந்தப் பிள்ளைக்கே அது கூச்சமாகிவிடும். தான் ஜெயித்தால் அது தன் ஆட்டமா, கொடுத்த சலுகையா என்று அதற்கே தெரியாது. இந்த விடுமுறை முடியும் வரை, அல்லது மூன்று முறை ஜெயிக்கும் வரை என்று ஒரு எல்லை சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. திருமணமாகி வருகிற பெண், விருந்துக்கு வந்த மைத்துனர், இவர்களெல்லாம் தங்கள் வீட்டு விதியோடுதான் வருவார்கள். எண்ணூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த அண்ணி முதல் முறை தாயம் ஆடியபோது, இரண்டு கட்டையும் வெறுமையாக விழுகிற பன்னிரண்டு விழுந்ததும் காயை இறக்கினார். “அது தப்பு” என்று நான்கு பேர் ஒரே குரலில் சொன்னோம். அவர் காயை எடுத்துக்கொண்டார். முகம் சிறுத்துப் போனது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அவர் வீட்டில் அவருடைய அம்மாவும் பாட்டியும் அப்படித்தான் ஆடியிருக்கிறார்கள். நம் விதி எப்படி நமக்கு விதியோ, அப்படியே அதுவும் ஒரு விதிதான். “உங்கள் வீட்டில் எப்படி ஆடுவீர்கள்?” என்று முதலிலேயே கேட்டிருக்கலாம். ஒரு ஆட்டம் எங்கள் விதி, ஒரு ஆட்டம் உங்கள் விதி என்று வைத்துக்கொண்டிருக்கலாம். பின்னால் அப்படித்தான் செய்தோம், ஆனால் அதற்குள் ஒரு வருடம் போய்விட்டது.

விதிகளை எழுதிவைப்பது நல்லது. எங்கள் கேரம் போர்டின் பின்பக்கம், மரச்சட்டத்துக்கு அருகில் ஒரு கோடுபோட்ட தாளை ஒட்டியிருக்கிறோம். ஏழு விதிகளுக்கு மேல் போகக் கூடாது என்பது ஏற்பாடு, புதிதாக ஒன்று சேர்த்தால் பழையது ஒன்றை எடுக்க வேண்டும். அந்தத் தாளில் மூன்றாவது வரி: ‘பாப்பாவுக்கு மட்டும் ஐந்து விழுந்தாலும் இறங்கலாம்.’ போன பொங்கல் விடுமுறையில் அவள் ஸ்கெட்ச் பேனாவை எடுத்து வந்து, போர்டைத் திருப்பிச் சுவரில் சாய்த்துவைத்து, அந்த வரியைத் தானே அடித்துவிட்டுப் பக்கத்தில் தேதியையும் போட்டாள்.